லாரி வராத குவாரி

எல்லப்பனின் செல்பேசி ஒரே ஒரு தரம் அடித்து ஓய்ந்தது. எடுப்பதற்காக வந்த அழைப்பில்லை அது. கொல்லிமலையில் எழுபதாவது கொண்டை ஊசி வளைவில் டீக்கடை வைத்திருக்கும் சடையன் கொடுக்கிற மிஸ்டு கால். ஆள் மேலே வந்துவிட்டான் என்று அர்த்தம். எல்லப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடிவாரத்தில், காரவள்ளியில் இருக்கும் அவருடைய பஞ்சர் கடையைத் தாண்டி லோகித் பயிற்சிக்காகச் சைக்கிளில் முதல் வளைவில் ஏறியபோது மணி ஏழு பத்து. இப்போது எட்டு ஐந்து.

ஐம்பத்தைந்து நிமிஷம்.

பேனாவைத் திறந்தவர் நோட்டில் எழுதாமல் மறுபடி மூடிக் காதில் செருகிக்கொண்டார். போன வருஷம் இதே தை மாசம், இதே ரோடு, இதே ஆள், அறுபத்து நாலு நிமிஷம். ஒரு வருஷத்தில் ஒரு நிமிஷம் குறைக்க மனுஷன் படாத பாடு படவேண்டும். பன்னிரண்டு வருஷமாக இந்த ரோட்டில் ஏறுகிறவர்களின் நேரத்தைக் குறித்துவைப்பவருக்கு அது தெரியும்.

சடையனைக் கூப்பிட்டுக் கேட்டார். மூச்சு வாங்கினானா?

"எங்க வாங்கினான்? எங்கூட்டு எருமை தண்ணி குடிக்கப் போயிட்டு வந்தாலே இதைவிட வாங்கும்ணா. வண்டியைத் திருப்பிக்கிட்டு இறங்கியே போயிட்டான்."

"மருந்துடா" என்றார் எல்லப்பன்.

"மருந்தாத்தான் இருக்கட்டுமே. உனக்கா ஏத்துறாங்க?"

எல்லப்பன் போனை வைத்துவிட்டார்.

இருபத்தாறு வருஷம் கல்குவாரியில் சம்மட்டி அடித்தவர் அவர். ஒரு நாள் பாறை உருண்டு இடது காலின் மேல் உட்கார்ந்தது. அன்றிலிருந்து முட்டி மடங்காது. கால் மடங்காதவனுக்குச் சைக்கிள் மேல் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தென்னாட்டுச் சுற்று என்று ஆறு நாள் பந்தயம் வருஷா வருஷம் நடக்கும். கடைசி நாள் இந்த மலையில்தான் முடியும். கடைச் சுவரில் வீரர்களின் படங்களை ஒட்டுவார். யாராவது மருந்தில் மாட்டிக்கொண்டால் அந்தப் படத்தைக் கிழித்துவிட்டு, பசைக் கறையை அப்படியே விட்டுவிடுவார். இப்போது சுவரில் கறைகள் நாலு, படம் ஒன்று. அது லோகித். குமாரபாளையத்துக்காரன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். தழல் அணியின் மஞ்சள் சட்டையில் கையைத் தூக்கிக்கொண்டிருப்பான். அவனையும் கிழிக்க வேண்டுமென்றால் எல்லப்பனுக்குச் சுவர் மட்டும்தான் மிஞ்சும்.

அந்த அழைப்பு வந்த நாலாம் நாள், பயிற்சிக்கு வந்த லோகித்தே கடையில் வந்து நின்றான். பின் சக்கரத்தில் காற்று இறங்குகிறதாம். அணியின் கார் சேந்தமங்கலம் வரும் வழியில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதாம். வேகமாக மிதித்து வந்திருக்கிறான், நெற்றியில் வேர்வை ஓடியது. எல்லப்பன் வால்வைக் கழற்றிக்கொண்டே அவனைக் கவனித்தார்.

சின்னதாக ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. அப்புறம் ஒரு அடக்கு. அடக்கும்போது தாடை இடது தோள் பக்கம் திரும்பியது. மறுபடி இரண்டு மூச்சு, ஒரு அடக்கு, தோள் பக்கம் ஒரு திருப்பல்.

பம்பை அழுத்திய கை அப்படியே நின்றது.

குவாரியில் கல் உடைக்கிறவர்களின் மூச்சு அது. இரண்டு தரம் இழுத்துவிட்டு, சுத்தியல் கல்லில் இறங்கும்போது அடக்கிக்கொள்வார்கள். எழும்புகிற தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. யாரும் சொல்லித் தருவதில்லை. தூள் சொல்லித் தரும். ஐந்தாறு வருஷம் போனால் தூக்கத்திலும் அப்படித்தான் வரும். ஆனால் தாடையைத் தோளில் சாய்ப்பது எல்லாருக்கும் கிடையாது. வலது கண்ணோரம் சில்லு தெறித்து ஆறு தையல் போட்ட ஒருத்திதான் அதற்கப்புறம் ஒவ்வோர் அடிக்கும் இடது பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் எல்லப்பனின் பெண்டாட்டி பாவாயி.

"தம்பி கல்லு ஒடச்சிருக்கீங்களா?"

லோகித் சிரித்தான். "நான் தறிக்காரன் மகன்ணா. கல்லைச் சோத்துல பார்த்ததோட சரி."

"அந்த மூச்சு எங்க பழகுனீங்க?"

சிரிப்பு நின்றது. கோச்சும் இதைத்தான் கேட்டார் என்றான். ஆறேழு மாசமாகத் தானாக வருகிறதாம். நன்றாகத்தானே ஏறுகிறாய், விட்டுவிடு என்று சொல்லிவிட்டாராம். பிறகு கார் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தூங்கினா டங் டங்னு ஒரு சத்தம் கேக்குதுண்ணா. எங்க அப்பா தறிச் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்ல."

"ஊசி ஏதும் போடறாங்களா?"

"வைட்டமின்" என்றான். சொல்லும்போது அவன் கண் தரையில் இருந்தது. பொய் சொல்கிறவனின் கண் இல்லை. கேட்கப் பயந்து கேட்காமலே விட்டவனின் கண்.

அன்று எல்லப்பன் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். பாவாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாதி நிறைந்த குடம். குழாயடியிலிருந்து வீடு இருபதடி தூரம். வழியில் இரண்டு தரம் இறக்கி வைத்து வந்திருக்கிறாள் என்பதை மண்ணில் இருந்த ஈர வட்டங்கள் சொல்லின. இரண்டு வருஷத்துக்கு முன்பு தலையில் ஒரு கல்லும் இடுப்பில் ஒரு கல்லுமாகக் குழியிலிருந்து ஏறி வந்தவள். இப்போது முடியாமல் குவாரி வேலையையே விட்டுவிட்டாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தாயிற்று. சர்க்கரை இல்லை, நெஞ்சில் கோளாறு இல்லை. வயசாகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஐம்பத்தொன்று.

கல் உடைக்கும் கிரஷர் மெஷின் வந்து கைக்குவாரியை மூடியபோது ஊரே வேலையற்றுப் போனது. பாவாயி கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போனாள். அப்போதுதான் தழல் கம்பெனி குவாரியைக் குத்தகைக்கு எடுத்தது. சைக்கிள் அணி வைத்திருக்கும் அதே தழல்தான். மெஷின் கிடையாது. கையால் உடைத்துப் பழகிய பழைய ஆட்கள் முப்பது பேர் போதும் என்றார்கள். நல்ல கூலி, நிழலுக்குப் பந்தல், மத்தியானம் முட்டையோடு சோறு. நிபந்தனை ஒன்றே ஒன்று. திங்கட்கிழமைகளில் சங்கு ஊதியதும் சுத்தியலைப் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல், கால் மணி நேரத்துக்குள் வேனில் ஏறிப் படுக்க வேண்டும். உடல்நல முகாம். ரத்தம் ஒரு குழாய் வழியாகப் போய், மெஷினில் சுற்றி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி உடம்புக்குள் வரும். மஞ்சளாக ஒரு பைத் தண்ணீர் மட்டும் அவர்களிடம் நின்றுவிடும்.

பாவாயிக்கு அதில் இஷ்டமில்லை. கோழி நாற்றம் தனக்குப் பழகிவிட்டது என்றாள். எல்லப்பன்தான் விடவில்லை. லோகித்தின் கம்பெனி, நம் கம்பெனி மாதிரி என்றார். ஊர் ஆட்களிடமும் போய்ப் பேசினார். முகாமில் கொடுத்த மஞ்சள் தொப்பியை அவளிடமிருந்து வாங்கி அவரே போட்டுக்கொண்டார். இரண்டு வருஷமாக அது அவர் தலையில்தான் இருக்கிறது.

சாயங்காலம் காலை இழுத்துக்கொண்டு குவாரிப் பக்கம் போனார். உடைத்த கல் குவிந்து இன்னொரு கரட்டுக் குன்றாக நின்றது. அடியில் இருந்த கற்களின் இடுக்கில் ஆள் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது. வீட்டுக்கு ஒரு லாரிக்காரன் இருக்கிற ஜில்லாவில், இரண்டு வருஷமாக ஒரு லாரியும் அந்தக் கல்லை ஏற்ற வரவில்லை. இது எல்லாருக்கும் தெரியும். கம்பெனிக்குக் கல் மேல் அவ்வளவு ஆசை என்று கிண்டலடித்துக்கொள்வார்கள். எல்லப்பனும் அந்தக் கிண்டலுக்குச் சிரித்தவர்தான். கம்பெனிக்கு வேண்டியது கல் இல்லை, அந்த மஞ்சள் பைதான் என்று இப்போதுதான் உறைத்தது. தொப்பியைக் கழற்றி அந்தப் புல்லுக்குள் வீசினார்.

பந்தயம் நடத்துகிறவர்களின் மருந்துப் பரிசோதனைப் பிரிவு நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் இறங்கியிருந்தது. மணமகள் அறைதான் அலுவலகம். அங்கே இருந்த டாக்டர் ஹெப்சிபாவுக்கு நாற்பது வயதிருக்கும். பஞ்சர் கடைக்காரர் மூச்சைப் பற்றிப் பேச வந்திருப்பதைக் கேட்டுச் சிரிப்பார் என்று எல்லப்பன் எதிர்பார்த்தார். அவர் குவாரி, திங்கட்கிழமை வேன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு வருஷமா இதைத்தான் சந்தேகப்படறேன் ஐயா. எங்கிருந்து எடுக்கறாங்கன்னுதான் தெரியாம இருந்தேன்."

"ரத்தத்துல அப்படி என்னங்க இருக்குது?"

"உழைச்சு முடிச்ச கொஞ்ச நேரத்துக்கு ரத்தத்துல சில சேதிங்க ஓடும். இவ்வளவு தாங்கு, இப்படி மூச்சு விடு, இந்த இடத்துல தளராதேன்னு உடம்பு தனக்குத்தானே சொல்லிக்கிற சேதி. முப்பது வருஷம் கல் உடைச்ச உடம்புல அது ரொம்ப அழுத்தமா இருக்கும். அதைப் பிரிச்சு இன்னொருத்தருக்கு ஏத்தினா, அந்த உடம்பு தானே முப்பது வருஷம் கல் உடைச்சதா நம்பிடும்."

"பரிசோதனையில தெரியாதுங்களா?"

"வெளிப்பொருள் இருந்தாத்தானே தெரியும்? இது மனுஷ உடம்புல ஊறினது. உழைப்பு எந்தத் தடைப் பட்டியல்லயும் இல்ல."

எடுத்த உடம்பு என்ன ஆகும் என்று எல்லப்பன் கேட்டார். அதை யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை என்றார் டாக்டர். மறுபடி ஊற வருஷக்கணக்கில் ஆகும் போலிருக்கிறது, வாராவாரம் எடுத்தால் என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது என்றார். சொல்லும்போது மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

நிரூபிக்க ஒரு வழி இருந்தது. பாவாயி ஒரு மணி நேரம் கல் உடைக்க வேண்டும். உடைத்த கால் மணி நேரத்துக்குள் அவளிடமிருந்து ஒரு சின்னக் குழாய் ரத்தம் எடுக்க வேண்டும். பந்தயத்தன்று லோகித்திடமும் எடுப்பார்கள். இரண்டு சேதியும் ஒத்துப்போனால், இன்னொருவர் ரத்தத்தை ஏற்றியது நிரூபணமாகித் தழல் கம்பெனி அதோடு முடிந்தது. குவாரியும் வேனும் நிற்கும்.

"அவளால கொடம் தூக்க முடியலீங்க" என்றார் எல்லப்பன்.

"அதனாலதான் நான் கேக்க மாட்டேன். கேக்கறதா இருந்தா நீங்கதான் கேக்கணும்."

மூன்று நாள் அவர் கேட்கவில்லை. நாலாம் நாள் சோறு போட்டுக்கொண்டே பாவாயிதான் கேட்டாள்.

"தொப்பி எங்கீங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கும்வரை அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை. அவர் மேல் ஒரு வார்த்தை பாய்ந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்தப் பையன் நல்லா ஏர்றானா?" என்றாள் கடைசியில்.

"ஏர்றான்."

"என்னையாட்டமேவா?"

"தாடையைத் தோள்ல வெச்சுக்கிட்டு."

"மலை பஸ்ஸுல ஏறினாலே வாந்தி எடுக்கறவ நானு. இப்பச் சைக்கிள்ல ஏர்றனாக்கும்." சிரிக்கப் பார்த்தாள். பாதியில் மூச்சு முட்டியது. ஆசுவாசப்படுத்திக்கொண்டு, "சுத்தியலை எங்க வெச்சிருக்கறீங்க?" என்றாள்.

"வேண்டாம் பாவாயி."

"அமராவதி போன வாரம் பந்தல்லயே உக்காந்துட்டா, எந்திரிக்க முடியல. இன்னும் இருபத்தெட்டு பேர் இருக்குது அங்க. நீங்க போய்ப் பேசிச் சேர்த்துவிட்ட ஆளுங்கதான்."

அதற்கப்புறம் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

பந்தயம் மலைக்கு வரும் கடைசி நாள் காலை எட்டு மணிக்கு, பஞ்சர் கடையின் பின்னால், தார்ப்பாய் மறைவில் பாவாயி உட்கார்ந்தாள். அவர் உருட்டிக் கொண்டுவந்த கருங்கல் எதிரில் கிடந்தது. நர்ஸ் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஐஸ் வண்டி மணி, ஊதல், கொடி விற்கிறவனின் குரல்.

முதல் அடி விழுந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, மூன்றாவது. எங்கே அடித்தால் பிளக்கும் என்று ஒரு பார்வையில் சொல்கிறவள், இப்போது கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூள் எழும்பியது, இருமினாள். மறுபடி அடித்தாள், மறுபடி இருமினாள். பலம் போய்விட்டது, அதனால் இருமுகிறாள் என்றுதான் எல்லப்பன் நினைத்தார். அரை மணியில் சுத்தியல் கல்லைத் தவறி மண்ணில் இறங்கியது. போதும் என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு இன்னும் ஓங்கினாள். முழு ஒரு மணி நேரம் அடித்தாள். முடிந்ததும் சுத்தியலைத் தானாக விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அவர்தான் பிரித்து எடுத்தார். நர்ஸ் ரத்தத்தை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்கு வீரர்கள் வந்தார்கள். மஞ்சள் சட்டை முன்னால். கூட்டம் லோகித் லோகித் என்று கத்தியது. எல்லப்பன் பாறையைப் பிடித்துக்கொண்டு முதல் வளைவில் நின்றார். அவன் அவரை உரசுகிற தூரத்தில் கடந்தான். இரண்டு மூச்சு, ஒரு அடக்கு, தாடை தோளுக்கு. கல்யாணமான புதிதில் குழிக்குள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கல் உடைத்தபோது கேட்ட மூச்சு. அந்த வயசுக்கே உரிய தெம்போடு அது மேலே ஏறிப் போனது. கூட்டத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்ததால் அவர் அழுதது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

சடையனின் மிஸ்டு கால் வந்தது. ஐம்பத்து மூன்று நிமிஷம்.

பத்து நாள் கழித்து டாக்டர் ஹெப்சிபாவே வீட்டுக்கு வந்தார். பாவாயி கட்டிலில் சாய்ந்திருந்தாள். டாக்டர் அவள் காலடியில் உட்கார்ந்து பையிலிருந்து தாளை எடுத்தார். லோகித்தின் ரத்தத்தில் தடை செய்யப்பட்டது எதுவும் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். பாவாயியின் ரத்தத்தைப் பற்றிய அடுத்த வரியைப் படிப்பதற்கு முன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"'இரண்டாவது மாதிரி, நீண்டகால உடலுழைப்பில் ஈடுபட்ட ஒருவருடையது அல்ல. இவர் கடினமான வேலை எதுவும் செய்து பழகாதவர்.'"

எல்லப்பனுக்குப் புரியவில்லை. ஆள் மாறிவிட்டதா, குழாய் மாறிவிட்டதா என்று கேட்டார்.

"எதுவும் மாறலை ஐயா. இவங்க உடம்புல இருந்தது முழுக்க அவங்ககிட்டப் போயிடுச்சு. ஒத்துப்பார்க்க இந்தப் பக்கம் மிச்சம் எதுவும் இல்ல. நாளைக்குக் கேட்டா, இந்தம்மா கல்லே உடைச்சதில்லைன்னு கம்பெனி சொல்லும். என் பரிசோதனையே அதுக்குச் சாட்சி."

பாவாயி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து டாக்டர் முன்னால் நீட்டினாள். காய்த்துக் காய்த்து ரேகை அழிந்த கைகள். முகாமில் சேரும்போது கைநாட்டு மெஷின் ஏற்காமல் திருப்பி அனுப்பிய அதே விரல்கள்.

"அப்ப இது யாருதுங்கம்மா?"

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். போகும்போது வாசலில் நின்று, இன்னும் முழுசாகக் காலியாகாத யாராவது ஒருத்தர் வந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார். குவாரியில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவர்களும் ஒரு மணி நேரம் கல் உடைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்ல வந்தவர், அந்த அவ்வளவுதானைச் சொல்லாமல் காரில் ஏறிக்கொண்டார்.

அன்று திங்கட்கிழமை. மூன்று மணிக்குக் குவாரியில் சங்கு ஊதியது. வேன் கதவு சாத்துகிற சத்தம்கூட வீடுவரைக்கும் கேட்டது. எல்லப்பன் அங்கே போவதற்காகத்தான் சட்டையை மாட்டினார். வேன் வாசலில் நின்று ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தவேண்டும் என்று இருந்தது. அவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்கள், அவர் பேச்சைக் கேட்டு நிற்பார்களா என்று தெரியவில்லை.

செருப்பைத் தேடும்போது பாவாயி தூங்கிப்போயிருப்பதைப் பார்த்தார். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முப்பத்திரண்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்து அவருக்கு மனப்பாடமான மூச்சு. சரி, இதை ஒரு தரம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு மூச்சு வந்தது. இன்னொரு மூச்சு வந்தது. அவர் அடக்குக்காகக் காத்திருந்தார். அதற்குள் அடுத்த மூச்சு வந்துவிட்டது, அதற்கு அடுத்ததும், எங்கேயும் நிற்காமல், ஒரு நாளும் கல்லுக்குப் போகாத யாரோ ஒருத்தியின் மூச்சு மாதிரி.